கணவாய்ச் சுங்க வீடும் என் மனைவியின் தோழியும்

ஸ்டெல்லா வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஓட்டை துப்பாக்கிக்கு இல்லயாம்."

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த ஓட்டையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பலகைக்கான ஆங்கில வாசகம், நான்காவது வரைவு. கொள்ளையரைச் சுடுவதற்காகச் சுவரில் விட்ட துளை என்று பொருள் வரும் ஒரு வாக்கியத்தின் நடுவில் பேனா நின்றது.

அவள் மேல் அகில் புகை மணத்தது. அரபு வீடுகளில் விருந்தாளி புறப்படும்போது துணியில் காட்டி அனுப்புவார்கள். விருந்தாளிக்குத்தான் காட்டுவார்கள், வேலைக்கு வந்தவர்களுக்கு அல்ல. இடது உள்ளங்கையில் புதிதாக மருதாணி வேறு.

"பொறவு எதுக்காம்?" என்றேன்.

ஒரு காலில் செருப்போடு ஒரு கணம் நின்றாள். வாய் தவறிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"எதுக்குமில்ல. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லுதவ வாயில துப்பாக்கி எப்படி வரும்?"

"அரிசி ஊறப் போடணும்" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கால் நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். தன் தங்கையின் நகை எந்த வங்கியில் அடகு இருக்கிறது என்பது வரை என்னிடம் சொல்கிறவள், ஒரு சுவரில் இருக்கும் ஓட்டையைப் பற்றிச் சொல்ல மறுத்தது அன்றுதான்.

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் தேதிப் பித்து தெரியும். போன வாரம் கல்லுடைக்கும் ஆலையைப் பற்றி எழுதியபோது, அது எந்தக் கிழமை மூடப்பட்டது என்பதைக்கூடச் சொல்லியிருந்தேன். 'கிழமை எதற்கு?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் நிம்மதி. தேதி கிடையாது, கணவாயின் பெயர் கிடையாது, அந்தக் குடும்பத்தின் உண்மைப் பெயரும் கிடையாது. மூன்றும் கூடாது என்று நிபந்தனை போட்டவள் ஸ்டெல்லா. நிபந்தனை போடும் உரிமை அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

வளைவில் ஒரு வீடு

நான் சாலைக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன். போட்ட தாரைத் துளைத்து, உருளையாக வெட்டி எடுத்து, இறுக்கம் சரியா என்று பார்ப்பது என் வேலை. அமீரகத்தின் கிழக்கு மலைகளில் நான் துளைக்காத சாலை அநேகமாக இல்லை.

இப்போது அங்கே மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டுவிட்டார்கள். அதற்கு முன் கணவாய் மேல் வளைந்து வளைந்து ஏறும் தார்ச் சாலை. அதற்கும் முன்னால் லாரி போன மண் தடம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டகப் பாதை. தார்ச் சாலையைவிட்டு இருநூறு அடி நடந்தால் அந்தப் பாதை இன்னும் தெரியும். கற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும்.

அந்தப் பாதையின் ஒரு வளைவில்தான் வீடு. ஆற்றுக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய இரண்டு அறைகள். பேரீச்சைத் தண்டுகளால் போட்ட கூரை பாதி இறங்கியிருந்தது. பாதையின் குறுக்கே மரம் போட்டு மறிப்பதற்காக வாசல் பக்கத்துக் கல்லில் ஒரு பள்ளம். பாதையைப் பார்த்த சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிழல் தேடிப் போனவன், நிழலை மறந்துவிட்டு வீட்டை அளந்துகொண்டிருந்தேன். அது சுங்கச் சாவடி என்பது விசாரித்ததில் தெரியவந்தது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பேரீச்சைத் தோட்டங்களுக்குப் போகும் ஒட்டகக் கூட்டங்கள் இங்கே சுங்கம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாங்கியவர்கள் அடுத்த கிணறு வரை அவர்களுக்குக் காவல். ஆள் கூடப் போக வேண்டியதில்லை, அந்தக் குடும்பத்தின் பெயரே போதும்.

சாவடியை வைத்திருந்த குடும்பம் மலையடிவாரத்து ஊரில் இருந்தது. தலைமகன் ராஷித், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மஜ்லிசில், அதாவது ஆண்கள் கூடும் முன்னறையில், நான் வெள்ளிக்கிழமை தோறும் போய் உட்கார ஆரம்பித்தேன். அப்படிப் பல வருடம் போயிற்று.

"தஃபத்தல், முஹந்திஸ்" என்று வரவேற்பார். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். நான் இன்ஜினியர் இல்லை என்று இந்தியிலும் அரபியிலும் சொல்லிப் பார்த்தேன்.

"ரோட்டைத் துளை போடுகிறாய், மூடுகிறாய். வேறு யார் முஹந்திஸ்?" என்பார்.

ராஷித் சொன்ன வரலாற்றின் நாயகன் அவருடைய தாத்தா, அவர் தாயின் தந்தை. கையில் நீளத் துப்பாக்கி. ஓட்டைக்குப் பின்னால் படுத்திருப்பார். சுங்கம் தராமல் எவனும் தாண்ட முடியாது. இதை ராஷிதுக்குச் சொன்னவர் அவருடைய மாமா. வெள்ளிக்கு வெள்ளி அந்தத் துப்பாக்கி நீண்டுகொண்டே போனது. முதல் வருடம் அது கணவாயின் வளைவு வரை சுட்டது. நாலைந்து வருடத்தில் கடல் வரை சுட ஆரம்பித்துவிட்டது. நான் சிரிக்காமல் குறித்துக்கொள்வேன்.

மற்ற நாட்டுச் சாவடிகள்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சாலைகளைத் தனித்தனிச் சங்கங்கள் பராமரித்தன. வழியில் சுங்க வீடுகள் இருந்தன. அவற்றின் முன்பக்கம் பலகோணமாகப் பிதுங்கியிருக்கும். அடுப்பங்கரையில் இருந்தபடியே சாலையின் இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. சாவடிக்காரன் வேறு கூலி வேலைக்குப் போய்விட, மனைவிதான் பல இடங்களில் வாசலில் நின்று வசூலித்தாள் என்றும் படித்திருக்கிறேன். படித்த இடத்தில் அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.

துபாயில் இப்போது சாவடியும் இல்லை, ஆளும் இல்லை. சாலைக்கு மேல் ஒரு வளைவு. காரின் கண்ணாடியில் ஒட்டிய வில்லையை அது படித்துக்கொள்கிறது. போன் ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். ஊருக்குப் போனால் நிலைமை வேறு. நாலுவழிச் சாலை டோல்கேட்டில் என் மச்சான் காரை நிறுத்தி, "லோக்கல் வண்டி, லோக்கல் வண்டி" என்று இறங்கிச் சண்டை போடுவான். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும். வெளியூரான மதுரையின் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு லோக்கல் என்பான்.

எந்த நாட்டுச் சாவடியிலும், வருகிறவனின் முகத்தைப் பார்க்க முடிகிற மாதிரிதான் ஜன்னல் இருக்கும். இந்த வீட்டில் அது ஒன்றுதான் பொருந்தவில்லை. தரையில் குப்புறப் படுத்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறேன். பாதையும் சரளைக் கற்களும் மட்டும் தெரிந்தன. நிற்கும் மனிதனின் இடுப்புக்கு மேல் எதுவும் தெரியாது.

அப்படியானால் கால்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதையும் எழுதி வைத்தேன்.

முட்டிவலி

ஸ்டெல்லா வீடுகளுக்குப் போய்க் கவனிக்கும் நர்ஸ், வீட்டு அரபி நன்றாகவே பேசுவாள். ராஷிதின் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, வாரத்தில் மூன்று பிற்பகல் இவளுக்கு அங்கே டூட்டி விழுந்தது. அந்த அம்மாவை எல்லோரும் உம்மு ராஷித் என்பார்கள், ராஷிதின் அம்மா என்று பொருள். எண்பதைத் தாண்டியவர்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். சாவடி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் அந்த வீட்டின் உள்ளறையில் இருக்கிறார், நான் நுழைய முடியாத அந்த அறைக்குள் என் மனைவியே போகிறாள். கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகச் சொல்லி அனுப்பினேன்.

"நடக்கப் பழக்கதுக்குப் போறேன். விசாரணை வைக்கதுக்குப் போகல" என்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்காததால்தானோ என்னவோ, அந்த அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். அது எனக்குத் தெரியவந்தது சாமான்கள் வழியாக. முதலில் ஒரு டப்பா பழுத்தும் பழுக்காத பேரீச்சை. பிறகு தேன் ஊற்றிய குட்டிப் பணியாரம், கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் கடைந்த களி, வீட்டு மரத்து எலுமிச்சை. பிறகு அகில் புகை. பிறகு மருதாணி.

"இன்னிக்கு என்ன பேசுனிய ரெண்டு பேரும்?"

"முட்டிவலி."

"மூணு மணி நேரமா?"

"ரெண்டு முட்டில்லா?"

வெள்ளிக்கிழமைகளில் நான் முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். உம்மு ராஷித் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று, டூட்டி இல்லாத அன்றும் ஸ்டெல்லா என்னோடு வந்துவிடுவாள், பெண்கள் வாசல் வழியாக உள்ளே போவாள். ராஷித் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் இடத்துக்கு வரும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்கும். ஒன்று வயதான, காற்று கலந்த சிரிப்பு. மற்றது என் வீட்டுச் சிரிப்பு. எனக்குக் கேட்டு எத்தனையோ காலமான சிரிப்பு.

நான் பொறாமைக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைக் கனடா அனுப்பினார்கள். எனக்கு வயிறு எரியவில்லை. இப்போது எரிந்தது. என் மனைவியின் தலைமுடியில் ஒட்டியிருந்த புகை வாசனை மேலேயே எரிந்தது. பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்று கோயிலில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெண்டாட்டிக்கு வந்த கதைக்கு ஆசைப்படலாமா என்று சொல்லித் தரவில்லை.

இதை வெறும் வேடிக்கையாக நினைக்க வேண்டாம். எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை விசா புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் வயதில் பாதிக்கு மேல் வாழ்ந்த நாட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு கிளம்ப வேண்டும். நான் துளைத்த துளைகளை எல்லாம் அன்றன்றே மூடிவிட்டார்கள். ராஷித் குடும்பம் தங்கள் செலவில் அந்தச் சாவடியைச் சீர்செய்து, முன்னால் ஒரு பலகை வைக்கத் தீர்மானித்திருந்தது. ஆங்கில வாசகத்தை நான் எழுத வேண்டும், அடியில் சிறிதாக என் பெயர் வரும். இந்த நாட்டில் என் பெயர் நிற்கப்போகும் ஒரே இடம் அது. அந்தப் பலகைக்கு வேண்டிய உண்மை என் வீட்டு அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னால்

வாரக் கணக்கில் கெஞ்சினேன். பிறகு கோபித்துக்கொண்டேன். அவள் போட்ட டீயைக் குடிக்காமல் கீழே கஃபடேரியாவில் போய்க் குடித்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"நான் யாரா?"

"நீங்க ஆம்பள. ஆம்பளைங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் வாக்கு."

நேராக ராஷிதிடம் போனேன். பலகை எழுதுவதற்கு முன் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றேன். அவருக்குச் சந்தோஷம். அடுத்த வெள்ளியே ஏற்பாடு ஆயிற்று. உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருக்க, இந்தப் பக்கம் நானும் ராஷிதும். அந்தப் பக்கம் கட்டிலில் உம்மு ராஷித், அருகில் ஸ்டெல்லா. அந்த அம்மாவின் கைத்தடியின் நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது.

தயாரித்துக்கொண்டு போன அரபியில் கேட்டேன். சுவரில் அந்த ஓட்டை எதற்காக?

கைத்தடியின் நுனி ஒரு முறை தரையில் தட்டியது. பிறகு அந்தக் காற்றுக் குரல் தெளிவாக வந்தது. "துப்பாக்கிக்கு. என் வாப்பா வைத்திருந்தார். நீளமான துப்பாக்கி."

ராஷித் என் தொடையில் தட்டினார். "கேட்டாயா, முஹந்திஸ்? நான் என்ன சொன்னேன்?"

கதவுக்குப் பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. தொடர்ந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மூக்கு வழியாக வருமே, அந்த மாதிரி. ராஷிதும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார். நான் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

காரில்

திரும்பும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். சுரங்கப் பாதை தாண்டியதும் ஸ்டெல்லாதான் ஆரம்பித்தாள்.

"எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?"

"என்னை வச்சு ரெண்டு பேரும் சிரிச்சிய."

"உங்கள வச்சு இல்ல. துப்பாக்கிய வச்சு."

"அப்போ துப்பாக்கி பொய்தானே?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"இத்தனை வருசம் நான் அலைஞ்சேன். நீ முட்டிக்குத் தைலம் தேச்சு வாங்கிட்ட."

அது அவளுக்கு உறைத்தது. கொஞ்ச தூரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, பிள்ளைக்குப் பாடம் கேட்கிற குரலில், "உங்களுக்குத் தெரிஞ்சதத்தான் கேக்கேன். பேரீச்சை எப்போ பழுக்கும்?" என்றாள்.

"கோடையில."

"கடக்கரைச் சனமெல்லாம் தோட்டத்துக்கு எப்போ போவாவ?"

"கோடையிலதான். ஒட்டகத்துல குடும்பம் குடும்பமா போவாங்க. அந்தச் சாவடிக்கு அப்பத்தான் கூட்டம்."

"அந்தக் காலத்துல இந்த ஊரு ஆம்பளையெல்லாம் முத்துக் குளிக்கப் போவாவன்னு எனக்குச் சொன்னது நீங்கதான். நாலு மாசம் வீட்டுக்கே வர மாட்டாவன்னிய. அது எப்போ?"

 சாலையோரம் ஒதுக்கி, இன்டிகேட்டர் போட்டு, காரை நிறுத்தினேன். அதுவும் கோடையில்தான். இரண்டும் எனக்குத் தெரியும். முத்துக் குளிப்பைப் பற்றி இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன், பேரீச்சைக் காலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்த ஆண்கள். கோடையில் அவர்கள் குடும்பத்து ஆண் ஒருவனும் அந்தக் கணவாயில் இருந்ததில்லை.

"அப்போ சுங்கம் வாங்குனது பொம்பளையளா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் மறுபடியும். "ஏசி வரல. வண்டிய எடுங்க."

பலகை

ஓட்டையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு வாசகத்தை ராஷிதிடம் கொடுத்தேன். பேரனைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் இன்னும் இருக்கிறது என்பதுபோலக் காத்திருந்தார்.

"பந்தூக் கிதர் ஹை?" என்றார். துப்பாக்கி எங்கே?

அது உறுதியாகத் தெரியவில்லை என்று இழுத்தேன்.

"என் தாயே உன் காதுபடச் சொன்னாள், முஹந்திஸ். அதற்கு மேல் உனக்கு என்ன உறுதி வேண்டும்?"

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "போட்டுருங்க" என்றாள் உடனே. "அவியளுக்கே அதுதான் இஷ்டம். தம்பியும் மகனும் தலை நிமிந்து நிக்காவல்லா, அத எதுக்குக் கெடுக்கணும்னு கேக்காவ."

போட்டேன். கருங்கல் பலகை, மேலே அரபி, கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே என் பெயர்.

திறந்த அன்று காலை நல்ல காற்று. ஆண்கள் பலகையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் தோளில் ராஷிதின் கை. உம்மு ராஷித் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்டெல்லா காரோடு ஒட்டி நின்றாள். உள்ளிருந்து ஒரு விரல் நீண்டு சுவரைக் காட்டியது, இவள் குனிந்து அதைப் பார்த்தாள், தலையாட்டினாள். என் பெயர் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் அந்தக் கார்க் கண்ணாடியைத்தான்.

அப்புறம் ஸ்டெல்லா வந்து பலகையை முதல் எழுத்திலிருந்து படித்தாள். துப்பாக்கி வரியில் உதடு லேசாகத் துடித்தது.

"உங்க பேர சரியா போட்டிருக்காவ" என்றாள்.

அந்தக் கோடைகள்

குளிர்காலத்தில் உம்மு ராஷித் போய்விட்டார். துக்கம் விசாரிக்க ஆண்களுக்கு முற்றத்தில் கூடாரம், பெண்களுக்கு வீட்டுக்குள். கூடாரத்தில் ராஷிதின் மாமா, அந்த அம்மாவின் தம்பி, எனக்கு இன்னொரு முறை துப்பாக்கியின் கதையைச் சொல்லிவிட்டு அழுதார். தட்டில் இருந்த பேரீச்சையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

ஸ்டெல்லா வெளியே வரும்போது கண் வீங்கியிருந்தது. காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிவிட்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"போன வாரம் அனுமதி குடுத்துட்டாவ. 'உன் ஊர்ப் பாஷையில சொல்லிக்கோ. அங்க எனக்குத் தம்பியும் இல்ல, மகனும் இல்ல, யாரு மனசு சங்கடப்படப் போவுது'ன்னாவ. நீங்க எழுதணும்னா எழுதிக்கோங்க. தேதி, ஊரு, பேரு மூணும் கூடாது."

அவள் சொன்னது இது.

ஆண்கள் முத்துப் படகு ஏறிய மறுநாள், உம்மு ராஷிதின் தாய் ஒரு பாயையும் தண்ணீர்ச் சாடியையும் எடுத்துக்கொண்டு, மகளோடு சாவடிக்கு வந்துவிடுவார். அந்நிய ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் உட்கார்ந்து, ஓட்டை வழியாக வெளியே பார்ப்பார். பாயில் உட்கார்ந்து கொஞ்சம் குனிந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி விட்ட ஓட்டை அது.

அதில் தெரிந்தது ஒட்டகங்களின் கால்களும் ஓட்டுகிறவர்களின் பாதங்களும்தான். அது போதும் அவருக்கு. எந்த ஒட்டகத்துக்கு முட்டி காய்த்திருக்கிறது, எது வலது பாதத்தைச் சாய்த்து வைக்கும் என்று தெரியும். ஓட்டுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன் உள்ளிருந்து அவன் பெயர் வரும். மலை மேல் யாரோ வேவு பார்த்துச் சொல்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்களாம்.

பெயர் சொன்னதும் ஓட்டையிலிருந்து ஒரு கை வரும். கையில் ஓலைக் கூடை. பேரீச்சைச் சுமை என்றால் ஒரு கை பேரீச்சை, கருவாடு என்றால் ஒரு கை கருவாடு. சொத்தைப் பழமாகப் பார்த்துப் போட்டால், கூடை உள்ளே போய் மறுபடியும் வெளியே வரும். பழம் அத்தனையும் பாதையில் கொட்டும். குறுக்கு மரத்தின் கயிறு உள்ளே கட்டியிருந்தது. அது அவிழாது.

ஒரு கோடையில் புதிதாக வந்த ஒருவன், உள்ளே பொம்பளைதானே என்று சிரித்துவிட்டு, கயிற்றை அறுத்து மரத்தைத் தானே தூக்கிப் போட்டான். அந்தத் தாய் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்டகங்கள் மேல் உட்கார்ந்திருந்த பெண்களைக் கூப்பிட்டு, எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்தார். அவர்கள் மேலிருந்தே பதில் சொன்னார்கள்.

"உங்களைக் கூட்டிப்போகிறவன் சுங்கம் கட்டவில்லை, மகளே. கிணறு வரை உங்களுக்குக் காவல் இல்லை. பார்த்துப் போங்கள்" என்றார்.

ஒரு பெண் ஒட்டகத்தைப் படுக்க வைத்து இறங்கினாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். குழந்தை குட்டியோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன் கூடையில் போட்டு, அறுத்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள்.

கோடை முடிந்து படகுகள் திரும்பும். அந்தத் தாய் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். களஞ்சியத்தில் இருந்த பேரீச்சை எங்கிருந்து வந்தது என்று ஆண்கள் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

"சரி, துப்பாக்கி?" என்றேன்.

"தம்பி பொடியனா இருக்கையில அந்த ஓட்டைக்குள்ள கம்ப விட்டு டுமீல் டுமீல்னு விளையாடுவானாம். அவன்தான் இன்னிக்குக் கூடாரத்துல இருந்து அழுதது."

கொஞ்சம் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வாரம்

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்து ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். கருவாட்டின் பெயரை எழுதியிருந்தேன், அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எடுக்கச் சொன்னாள். 'அந்தத் தாய் கம்பீரமாகச் சொன்னார்' என்று போட்டிருந்தேன். "நீங்க கேட்டியளா?" என்றாள். அதையும் எடுத்தேன்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலயா அவிய?"

"வேற இருக்கு."

"என்னது?"

"அது எழுதுததுக்கு இல்ல. எனக்குச் சொன்னது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு மீன் கழுவப் போனாள்.

எங்களுக்கு ஊருக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான். வரவேற்பறையில் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. நேற்று மத்தியானம் நான் அவற்றின் நடுவில் உட்கார்ந்து புத்தகங்களைத் துணிகளுக்கு இடையில் சொருகிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் தண்ணீர் ஓடும் சத்தம், ஜன்னல் ஏசியின் உறுமல், இரண்டுக்கும் அடியில் அவள் குரல். கோயில் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. நீளமாக ஒரு அழைப்பு, பிறகு யாரோ பதில் சொல்வதற்குக் காத்திருப்பதுபோல ஒரு இடைவெளி, மறுபடியும் அதே அழைப்பு. சொற்கள் பிடிபடவில்லை, அரபி என்பது மட்டும் தெரிந்தது.

சத்தம் போடாமல் எழுந்து ஏசியை அணைத்தேன்.

அடுக்களையில் குழாய் நின்றது. குரலும் நின்றது.

"ஏசிய எதுக்கு அமத்துனிய?" என்றாள். "போடுங்க."

போட்டேன்.